வெளியே பத்து, உள்ளே பத்தொன்பது

செப்டம்பர் 2, திங்கள்

எழுபது நிமிட ஆட்டத்தில் அறுபத்து நான்காவது நிமிடம் ஆள் மாற்றுகிற கோச்சை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நேற்று ஒன்றுக்கு ஒன்று. ஜெயித்திருக்க வேண்டிய ஆட்டம். டில்லிபாபு நாற்பத்தைந்தாவது நிமிடமே இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றுவிட்டான். பத்தாம் நம்பர் இடுப்பில் கை வைத்தால் மூச்சு முடிந்தது என்று அர்த்தம். பெஞ்சில் பத்தொன்பதாம் நம்பர் யுவா ஷூ லேஸை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக உட்கார்ந்திருந்தான். கோச் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்.

நான் கோட்டுக்கு வெளியே நின்று கத்தியது உண்மைதான். அதற்காக அத்தனை பேர் முன்னால், "உன் கருத்தையெல்லாம் ஒரு நோட்டுல எழுதி வை சலோமி, மேட்ச் முடிஞ்சதும் பொறுமையா படிக்கிறேன்" என்று சொல்வதா? சொன்னார். பையன்கள் சிரித்தார்கள். சரி, எழுதுகிறேன். மெடிக்கல் ஷாப்பில் கொடுத்த டைரி எட்டு மாதமாக மெஷின் டிராயரில் சும்மாதான் கிடக்கிறது. முதல் பக்கத்தில் பெயருக்குக் கோடு போட்டிருக்கிறார்கள். சலோமி, வயது 52, தையல், வியாசர்பாடி என்று நிரப்பிவிட்டேன்.

இதில் கோச் என்று வந்தால் அது என் வீட்டுக்காரர் எபினேசர். பகலில் லேத் பட்டறை, சாயங்காலம் ஏழாவது தெரு எஃப்.சி. ஃபுட்பால் டீம். மைதானத்தில் நடந்ததை எழுதினால் கோச், வீட்டில் நடந்ததை எழுதினால் அவர். இரண்டையும் கலக்கக் கூடாது என்பது கல்யாணமான வருடமே எங்களுக்குள் பேசி முடித்தது. கலந்தால் அன்றைக்குச் சோறு இறங்காது.

இன்றைக்கு மூன்று பிளவுஸ், ஒரு ஜெர்சிக்கு நம்பர் மாற்றம். வலது விலாவுக்குக் கீழே பிடித்துக்கொண்டது. வாயு.

செப்டம்பர் 3, செவ்வாய்

இஞ்சி தட்டிப் போட்டுக் குடித்தேன். கேட்கவில்லை. சோடா குடித்தேன். ஏப்பம் வந்தது, வலி போகவில்லை.

செப்டம்பர் 5, வியாழன்

வாயு இல்லையாம், கல்லாம்.

காலையில் மெஷின் மேலேயே கவிழ்ந்துவிட்டேன். வாந்தி வேறு. பியூலா செல்போன் கடைக்கு லீவு சொல்லிவிட்டு என்னை ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு பக்கத்துத் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனாள். என் வயிற்றில் பிறந்தவள்தான், ஆனால் அம்மாவை மிரட்டுவதில் எங்கள் மாமியாரைத் தூக்கிச் சாப்பிடுவாள். ஸ்கேனில் பித்தப்பை நிறையக் கல். பட்டாணி சைஸில் நான்கு, மிச்சம் பொடி. பையோடு எடுத்துவிட வேண்டும், மூன்று சின்ன ஓட்டைதான், மூன்றாம் நாள் வீட்டுக்குப் போகலாம் என்றார் டாக்டரம்மா. சின்னப் பெண், கணீர் குரல். கோல் கீப்பராக நிற்க வைக்கலாம்.

பெரியாஸ்பத்திரியில் விசாரித்தால் வரிசை நீளம், பொங்கல் கழித்துத்தான் தேதி. இந்த ஆஸ்பத்திரியில் அரசாங்கக் காப்பீட்டு அட்டை செல்லும், அட்டை இருந்தால் ஒரு வாரத்தில் முடித்துவிடலாம். நல்லதுதான். ஆனால் இந்தக் காப்பீட்டை யோசித்தவர் யாரோ, அவரும் எங்கள் கோச் மாதிரிதான் இருக்க வேண்டும். ஸ்கேனுக்கு அட்டை செல்லாது, நம் கையிலிருந்துதான். படுத்து, ஊசி போட்டு, கத்தி வைத்தால்தான் அட்டைக்கு உயிர் வரும். ஆள் நிற்கும்போது கவனிப்பதில்லை, விழுந்த பிறகு ஓடி வருவது. முன்கூட்டியே ஸ்கேன் எடுத்துப் பார்க்க வழி இருந்தால் எத்தனை பேர் கத்திக்கே போக வேண்டாம்? நாற்பத்தைந்தாவது நிமிடம் மாற்ற வேண்டியதை அறுபத்து நான்கில் மாற்றுகிற அதே கதை.

எங்கள் குடும்பத்துக்கு அட்டை இருக்கிறது. அதில் அவர் இருக்கிறார், பியூலா இருக்கிறாள். நான் இல்லை. ஐந்து வருடத்துக்கு முன்னால் மாநகராட்சிப் பள்ளியில் முகாம் போட்டுப் போட்டோவும் கைரேகையும் எடுத்தபோது என் முறை வரும்போது கரண்ட் போய்விட்டது.

டாக்டரம்மா இன்னொன்றும் சொன்னார். அதை எழுத வேண்டியதில்லை.

செப்டம்பர் 6, வெள்ளி

அவரிடம் சின்னக் கல், அவசரமில்லை என்று சொல்லிவிட்டேன். பியூலாவைக் கண்ணாலேயே அடக்கினேன். டாக்டரம்மா கடைசியாகச் சொன்னபோது அவள் மருந்துக் கவுன்டரில் நின்றாள், அதனால் அவளுக்கும் முழுசாகத் தெரியாது.

கோப்பைப் போட்டி முடியட்டும். இன்னும் மூன்று ஆட்டம்.

செப்டம்பர் 9, திங்கள்

சாயங்காலம் பிராக்டிஸ். கோச்சைக் குறை சொல்லியே பழகிவிட்டது, இன்றைக்கு நல்லதையும் எழுதுகிறேன். பந்து இல்லாதவன் எங்கே ஓட வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பதில் இந்த வட்டாரத்தில் அவருக்கு ஜோடி கிடையாது. யாரையும் கெட்ட வார்த்தை சொல்ல மாட்டார். தோற்றாலும் டீ வாங்கிக் கொடுப்பார். குடித்துவிட்டு வந்தவனைத் திட்டாமல் கோல் போஸ்ட் ஓரம் உட்கார வைத்து, பிராக்டிஸ் முடிகிற வரைக்கும் பந்து பொறுக்கிப் போடச் சொல்வார். மறுநாள் அவன் குடித்திருக்க மாட்டான்.

அவருக்கு ஒரே ஒரு வியாதி, ஆளை வெளியே எடுக்க மனசு வராது. டில்லிக்கு முப்பத்து நான்கு வயது. பதினாறு வருடமாக எங்கள் டீம்தான், எங்கள் வீட்டில் சாப்பிட்ட கைதான். அவனை எடுத்தால் அவன் முகம் சுருங்கும், அதைக் கோச்சால் பார்க்க முடியாது. யுவாவுக்கு இருபத்திரண்டு. இரண்டாம் பாதியில் எதிராளி களைத்த நேரத்தில் இறக்கினால் இடது பக்கம் அவர்களைக் காலி பண்ணிவிடுவான். இதை நான் சொன்னால், "டில்லி இருக்கறதே மத்தவனுக்குத் தைரியம்" என்கிறார். தைரியம் கோல் போடுமா?

செப்டம்பர் 11, புதன்

அவர் என்னிடம் சொல்லாமலே பட்டறைக்கு அரை நாள் லீவு போட்டுக் கலெக்டர் ஆபீஸ் போய் விசாரித்துவிட்டு வந்திருக்கிறார். விட்டுப்போன பெயரைச் சேர்க்கலாமாம். ரேஷன் கார்டு, ஆதார், புது வருமானச் சான்று. அப்புறம் ஆள் நேரில் வந்து கேமரா முன்னால் உட்கார வேண்டும்.

சாப்பிடும்போது சாதாரணமாகக் கேட்டார், அன்றைக்கு முகாமில் உனக்கு மட்டும் ஏன் எடுக்கவில்லை என்று. நான் போவதற்குள் அஞ்சு மணி ஆகி மூடிவிட்டார்கள் என்றேன். பியூலா, "கரண்ட் போச்சுன்னு சொன்னியேம்மா" என்றாள். மூடும்போது கரண்டும் போனது என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ரசம் கேட்டார்.

செப்டம்பர் 13, வெள்ளி

கால் இறுதி. இரண்டுக்குப் பூஜ்ஜியம், ஜெயித்துவிட்டோம். எல்லாரும் பஜ்ஜி சாப்பிட்டார்கள். நான் சாப்பிடவில்லை.

ஒன்று சாப்பிட்டேன்.

செப்டம்பர் 14, சனி

அந்த ஒன்றுக்கு நாள் முழுக்கத் தண்டனை. ஆர்டருக்கு வந்த யூனிபார்ம் துணி அப்படியே கிடக்கிறது. அவர் கேட்டபோது தலைவலி என்றேன்.

படுத்துக்கொண்டே பழைய லெஃப்ட் பேக் அந்தோணியை நினைத்தேன். முட்டியில் லிகமென்ட் கிழிந்து மூன்று வருடம் ஆகிறது. இப்போது ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான், கிளட்ச் மிதிக்கும்போதெல்லாம் முகம் சுளிக்கிறான். அவன் பெயர் எந்த அட்டையிலும் இல்லை. அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு தனியாக இருந்தான், குடும்பப் போட்டோவில் நிற்க மாட்டேன் என்று அடம் பிடித்தான். என்னைக் கேட்டால் லீக்கில் பெயர் பதிந்த எல்லாருக்கும், மூன்றாம் டிவிஷனோ ஐந்தாம் டிவிஷனோ, அரசாங்கமே தனியாக ஓர் அட்டை கொடுக்க வேண்டும். ஜெயித்துக் கோப்பை வாங்கினால் மாலை போட வருகிறார்கள் அல்லவா, முட்டி போனாலும் வரட்டும். யாரிடம் போய்ச் சொல்வது? டைரியிடம் சொல்லியாயிற்று.

செப்டம்பர் 18, புதன்

அரை இறுதி. படுத்துக்கொண்டே எழுதுகிறேன்.

இரண்டாம் பாதி தொடங்கியதும் பிடித்துக்கொண்டது. முதுகு வரைக்கும் போனது. எழுந்து நின்றால் எல்லாரும் பார்ப்பார்கள் என்று பெஞ்சுக்குப் பின்னால் கிட் பைகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு ஒரு பையை வயிற்றோடு அழுத்திப் பிடித்தேன். ஆட்டத்தையே பார்க்கவில்லை. நான் கத்தாததைப் பார்த்துக் கோச் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். தண்ணீர் குடிக்கிற மாதிரி பாவனை செய்தேன்.

ஆள் மாற்றம் அறுபத்தைந்தாவது நிமிடம், அதுவும் டில்லியை விட்டுவிட்டு வேறொருவனை. அதையும் திட்டத் தெம்பில்லை.

ஒன்றுக்கு ஒன்று, டைபிரேக்கர். கடைசிப் பெனால்டியை டில்லி போட்டான். பெனால்டி போடுவதில் மட்டும் அவனைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். கீப்பரை இடது பக்கம் அனுப்பிவிட்டுப் பந்தை வலது பக்கம் உருட்டினான். ஃபைனலுக்குப் போய்விட்டோம். எல்லாரும் கோச்சைத் தூக்கினார்கள்.

டில்லி மட்டும் பைகளுக்குப் பின்னால் வந்தான். என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"இன்னாக்கா இது, மூஞ்சியெல்லாம் வேர்த்துக்கீது?"

வெயில் என்றேன். நாலே முக்கால் மணிக்கு மேகமூட்டத்தில் எந்த வெயில்?

"அன்னைக்கு என் மூஞ்சியப் பாத்து, நீ வெளிய வாடான்னு சொன்னியே. இப்ப உன் மூஞ்சிய நீ பாத்தியா? அண்ணாண்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டா?"

நாளைக்கு நானே சொல்லிவிடுகிறேன், இன்றைக்கு அவர் சந்தோஷமாக இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

செப்டம்பர் 19, வியாழன்

இன்னும் சொல்லவில்லை. முதலில் டைரியிடம் சொல்லிப் பழகுகிறேன்.

முகாம் அன்றைக்குக் கரண்ட் போகவில்லை. ஐந்து வருடமாகச் சொல்லிச் சொல்லி எனக்கே போன மாதிரி ஆகிவிட்டது.

அன்றைக்கும் ஒரு கால் இறுதிதான். மூன்றே முக்காலுக்கு ஆட்டம், முகாம் அஞ்சு மணிக்கு மூடுவார்கள். பள்ளிக்கூடம் மைதானத்திலிருந்து அஞ்சு நிமிட நடை. பாதி ஆட்டத்தில் ஒன்றுக்குப் பூஜ்ஜியம், நாங்கள் கீழே. அவர் பியூலாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். கால் மணியில் வந்துவிடலாம், நீயும் வா என்று கூப்பிட்டார். நீங்கள் முன்னால் போங்கள், வருகிறேன் என்றேன். வருவதாகத்தான் இருந்தேன். சத்தியமாக ஒரு கால் எடுத்து வைத்தேன்.

அங்கே வரிசை நீளம், அவர் திரும்பி வரவில்லை. இங்கே இரண்டாம் பாதி தொடங்கிவிட்டது, டில்லி இடுப்பில் கை வைத்தான். பெஞ்சில் பெரியவர்கள் யாரும் இல்லை. நாற்பத்தோராவது நிமிடம். ஆள் மாற்றத்துக்கு ஒரு சீட்டு எழுதி, ஓரத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கிற நான்காவது ரெஃப்ரியிடம் கொடுக்க வேண்டும்: வெளியே எந்த நம்பர், உள்ளே எந்த நம்பர், கோச் கையொப்பம். சீட்டுக் கட்டு என் காலடியில் பையில் கிடந்தது. எழுதினேன். வெளியே 10, உள்ளே 19. அப்போது பத்தொன்பது வேறு ஒருவன். கையொப்பம் என்ற இடத்தில் எபினேசர் என்று என் கையாலேயே போட்டேன். டில்லி நம்பர் பலகையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தான்.

அப்புறம் நான் சொன்னதைத்தான் ஆடினார்கள். இடது பக்கம் போ என்றேன், போனார்கள். இருபத்தொன்பது நிமிடம். இரண்டு கோல். என் கல்யாணம், பியூலா பிறந்தது எல்லாம் சந்தோஷம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த இருபத்தொன்பது நிமிடம் மாதிரி நான் எப்போதும் இருந்ததில்லை.

முடிந்ததும் பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். அஞ்சு பத்து. கேட்டைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் வெளியே நின்று, "இன்னா ஆச்சு மேட்ச்?" என்று கேட்டார். ஜெயித்துவிட்டோம், டில்லிக்குக் கால் பிடித்துக்கொண்டதால் அவனே வெளியே வந்துவிட்டான் என்றேன். டில்லியும் அதையேதான் சொன்னான், பையன்களும் அதையேதான் சொன்னார்கள். ஊரெல்லாம் கோச் கொடுத்த பிளானைப் பாராட்டியது. ரசம் ஊற்றிக்கொண்டே நானும் பாராட்டினேன்.

ஆக, அட்டையில் என் பெயர் இல்லாததற்கு அரசாங்கமும் காரணமில்லை, மின்வாரியமும் காரணமில்லை. டாக்டரம்மா சொன்னதையும் எழுதிவிடுகிறேன். ஒரு கல் நழுவிக் குழாயில் மாட்டினால் கணையம் வீங்கும், அப்படி வீங்கினால் உயிருக்கே ஆபத்து, தள்ளிப் போடாதீர்கள். பதினாலு நாள் தள்ளிப் போட்டாயிற்று. கத்தி என்றால் எனக்குப் பயம். துணி வெட்டுகிற கத்தரிக்குக் கூடப் பயப்படாத எனக்கு, மயக்க மருந்து கொடுத்துப் படுக்க வைப்பார்கள் என்றால் பயம்.

செப்டம்பர் 20, வெள்ளி

நான் சொல்லவில்லை, வலி சொல்லிவிட்டது. காலையில் காபியோடு தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவரே கூட்டிக்கொண்டு போனார். டாக்டரம்மா என்னைப் பார்த்ததும், அன்றைக்கே அவ்வளவு சொன்னேனே என்று அவர் முன்னாலேயே ஆரம்பித்துவிட்டார். கணையம் முதற்கொண்டு எல்லாம் வெளியே வந்துவிட்டது. இப்போது ஊசியில் அடங்கியிருக்கிறது. அடுத்த வெள்ளி, 27ஆம் தேதி, ஆபரேஷன். வியாழக்கிழமை காலையில் அட்டையோடு வந்து சேர வேண்டும், அப்போதுதான் அனுமதிக்கு அனுப்ப முடியும்.

அவர் வீட்டுக்கு வந்து, எனக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்து சொன்னார்.

"நான் லேட்டா ஆள் மாத்தறேன்னு இத்தினி வருஷமா கத்தறியே சலோமி. உன் உடம்புல நீதான கோச்? எத்தினியாவது நிமிஷம் மாத்தலாம்னு இருந்த?"

கஞ்சியிலேயே அழுதேன். அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, உப்பு போதுமா என்று கேட்டார்.

செப்டம்பர் 23, திங்கள்

வருமானச் சான்று நாளைக்குச் சாயங்காலம் கைக்கு வரும். காப்பீட்டுக் கவுன்டரில் டோக்கன் புதன்கிழமை மாலை நாலு மணிக்கு மேல். ஃபைனல் புதன்கிழமை மாலை மூன்றரை மணிக்கு.

யார் மேலும் பழி போட முடியாது. கோப்பைத் தேதி மூன்று மாதத்துக்கு முன்பே போட்டது. நான் செப்டம்பர் அஞ்சாம் தேதியே சரியென்றிருந்தால் இந்நேரம் தையல் பிரித்திருப்பார்கள்.

அவர் என்னோடு வருகிறேன் என்றார், டீமை டில்லி பார்த்துக்கொள்ளட்டும் என்றார். ஒரு தடவை கோச் போட்டோ எடுக்கப் போய் நடந்தது போதும் என்று சொல்ல வந்து நாக்கைக் கடித்துக்கொண்டேன். பியூலா வருகிறாள், நீங்கள் மைதானத்துக்குப் போங்கள் என்றேன்.

"நெஜமா போவியா?"

போவேன் என்றேன். அவர் நம்பவில்லை. பியூலாவிடம், அம்மாவைக் கையைப் பிடித்தே கூட்டிக்கொண்டு போ என்று சொன்னது என் காதில் விழுந்தது. கூட்டத்தில் தொலைந்துபோகிற குழந்தையா நான்? ஆனால் அவர் சொன்னதும் சரிதான். என்னை எனக்கே நம்பிக்கையில்லை.

செப்டம்பர் 25, புதன்

இன்றைக்கு நடந்ததை நடந்த வரிசைப்படி எழுதுகிறேன்.

மதியம் பதினாறு ஜெர்சியையும் இஸ்திரி போட்டு அடுக்கினேன். கிளம்பும்போது கோச்சிடம், பத்தொன்பதை மறக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். வேறெதுவும் சொல்லவில்லை. அவர் அட்டையை பிளாஸ்டிக் உறையோடு என் கையில் வைத்து, உறையைப் பத்திரமாகக் கொண்டு வா என்றார். உறையில் என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பஸ் மைதானத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். மூன்று மணிக்கே கூட்டம் மதில்மேல் ஏறியிருந்தது, பறைச் சத்தம் கேட்டது. பியூலா என் மணிக்கட்டைப் பிடித்தாள். நான் ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

கவுன்டரில் எனக்கு முன்னால் பதினோரு பேர். ஒரு டீம்தான். நாலு இருபதுக்கு பியூலாவின் போன் அடித்தது. டில்லி. ஃபைனல் நடக்கும்போது டில்லி எப்படிப் போன் பண்ணுவான்? போனைப் பிடுங்கினேன்.

"அக்கா, ஒண்ணுக்குப் பூஜ்யம், நாம கீழ. அண்ணன் என்னைய வெளிய எடுத்துட்டாரு. இன்னும் நாப்பது நிமிஷம்கூட ஆவல."

கோபமா என்று கேட்டேன். "பெஞ்சுல குந்திகினுதான பேசறேன், கோவம் இல்லாம இன்னா?" என்றான். சிரித்தபடிதான் சொன்னான். போனை வைக்காதே என்று சொல்லிப் பியூலாவிடம் கொடுத்தேன்.

அதற்குள் கவுன்டரில் பழைய அட்டையைக் கேட்டார்கள். உறையிலிருந்து உருவினேன். அட்டைக்குப் பின்னால் ஒரு காகிதம் ஒட்டிக்கொண்டு வந்தது. நான்காக மடித்து, மடிப்பெல்லாம் பழுப்பேறியிருந்தது. பிரித்தேன். வெளியே 10. உள்ளே 19. நிமிடம் 41. கையொப்பம், எபினேசர். என் கையெழுத்து. ஜெர்சி லிஸ்டில் வருடக்கணக்காக அவர் பார்க்கிற கையெழுத்து.

ஐந்து வருடம். அந்தச் சீட்டை ரெஃப்ரி மேசையிலிருந்து கேட்டு வாங்கி, அட்டைக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, ஊர் பாராட்டியதையெல்லாம் தலையாட்டி வாங்கிக்கொண்டு, எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை இந்த மனுஷன். நான் கரண்ட் போனது என்று சொன்னபோதெல்லாம் ரசம் கேட்டிருக்கிறார்.

பெயரைக் கூப்பிட்டார்கள். ஸ்டூலில் உட்கார்ந்தேன். கவுன்டரில் இருந்த தம்பி, நேராகப் பாருங்கள், அசையாதீர்கள் என்றார். கண்ணில் தண்ணீர் நிற்கிறது, கையில் சீட்டு இருக்கிறது. பியூலா போனைக் காதில் வைத்துக்கொண்டு அந்தத் தம்பிக்குப் பின்னால் நிற்கிறாள். அவள் முகம் மாறியது. போனிலிருந்து வந்த சத்தம் எனக்கே கேட்டது. யுவா, இடது பக்கம், கோல்.

கேமரா அந்த நேரம்தான் அடித்தது.

இன்னொரு தடவை எடுக்கவா என்று கேட்டார் தம்பி. கம்ப்யூட்டர் அதை ஏற்றுக்கொண்டதா என்று கேட்டேன். ஏற்றுக்கொண்டது என்றார். அப்படியென்றால் இதுவே இருக்கட்டும், எனக்குப் பின்னால் நிறையப் பேர் நிற்கிறார்கள் என்றேன்.

வெளியே வந்த பிறகுதான் மிச்சம் தெரிந்தது. ஒன்றுக்கு ஒன்று, டைபிரேக்கர். டைபிரேக்கரில் நாலுக்கு மூன்று, தோற்றுவிட்டோம். வெளியே எடுத்த ஆள் பெனால்டி போட முடியாது. கடைசிப் பெனால்டிக்கு டில்லி இல்லை.

செப்டம்பர் 26, வியாழன்

ஆஸ்பத்திரியில் சேர்ந்தாயிற்று. சாயங்காலமே அனுமதி வந்துவிட்டது. பயமாகத்தான் இருக்கிறது.

செப்டம்பர் 30, திங்கள்

வீட்டில். மூன்று ஓட்டை, மூன்று பிளாஸ்திரி. கல்லையெல்லாம் ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் கொடுத்தார்கள். பியூலா அதை எண்ணிப் பதினாறு என்கிறாள், ஒரு ஃபுல் டீமும் சப்ஸ்டிட்யூட்டும். அட்டைக்கு ஒரு சலாம் போட வேண்டும், ஆபரேஷனுக்கு எங்கள் கையிலிருந்து போனது ஆட்டோவும் இளநீரும்தான். ஸ்கேன் விஷயத்தில் என் கருத்து மாறவில்லை.

மைதானத்துப் பையன்கள் எல்லாரும் பார்க்க வந்தார்கள். ரேஷன் கார்டில் பெயர் இருக்கிறதா, அட்டையில் போட்டோ இருக்கிறதா என்று ஒவ்வொருத்தனையும் கேட்டேன். ஆறு பேர் இல்லை என்றார்கள். தையல் ஆறியதும் ஆறு பேரையும் நானே கவுன்டருக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். அந்தோணியின் ஷேர் ஆட்டோவில்தான் போகப் போகிறோம், அவன் தப்பிக்க முடியாது.

தெருவே ஒரு பேச்சுதான் பேசுகிறது. டில்லியை எடுக்காமல் இருந்திருந்தால் கோப்பை நம்முடையது. டில்லி இருந்திருந்தால் டைபிரேக்கர் வரைக்கும் போயிருக்கவே மாட்டோம், ஒன்றுக்குப் பூஜ்ஜியத்திலேயே கதை முடிந்திருக்கும் என்று படுத்துக்கொண்டே வாதாடினேன். சத்தம் போட்டால் தையல் இழுக்கிறது. கோச்சுக்காக நான் சண்டை போடுவது இதுதான் முதல் தடவை.

அவர் பழத்தை உரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாரும் போன பிறகு பிளாஸ்டிக் உறையை என் மடியில் போட்டார். புது அட்டை வந்திருக்கிறது. மூன்று முகம். அவர் முறைத்துக்கொண்டிருக்கிறார், பியூலா இரட்டைப் பின்னலோடு நிற்கிறாள், நான் வாயைப் பிளந்து, கண் நிறையத் தண்ணீரோடு கத்திக்கொண்டிருக்கிறேன். கம்ப்யூட்டரில் இந்தப் போட்டோவைப் பார்த்துத்தான் ஆஸ்பத்திரியில் என்னை நான்தான் என்று ஒத்துக்கொண்டார்கள்.

அட்டைக்குப் பின்னால் பழைய சீட்டு இருந்தது. அதோடு ஒரு புதுச் சீட்டும் இருந்தது, ஃபைனலில் கொடுத்தது. வெளியே 10. உள்ளே 19. நிமிடம் 38. கையொப்பம் என்ற இடத்தில் அவருடைய கோணல் எழுத்தில், சலோமி.

"தோத்ததுக்கு நான் பொறுப்பு இல்ல. கையெழுத்து உன்னுது" என்றார்.

சிரிக்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். பழம் நன்றாக இருந்தது.